போர்ட்டுக்குள் இருந்தது பசை இல்லை

ரிப்பேர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒரு கம்ப்யூட்டர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் முதலில் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்துப் பட்டனைத்தான் அமுக்கிக் காட்டுவார்கள். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை என்பார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு முதுகைப் பாருங்கள். மனிதக் கை ஓயாமல் படுகிற இடம் அதுதான். சொருகுகிறார்கள், பிடுங்குகிறார்கள், மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவித் தடவித் தலைகீழாகத் திணிக்கிறார்கள். ஒரு வீட்டில் பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று யூஎஸ்பி போர்ட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு? பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவள் இல்லை. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகும், நீங்களும் மெதுவாகவே படியுங்கள். என் இளவயது முழுக்க பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மதர்போர்டுக்குப் போர்ட் பொருத்துவதில் போனது. மானிட்டர் கேபிள் சொருகுகிற எச்டிஎம்ஐ, பழைய மானிட்டருக்கு நீல நிறத்தில் விஜிஏ, மவுஸுக்கும் கீபோர்டுக்கும் யூஎஸ்பி, ஸ்பீக்கருக்கு வட்ட வட்டமாகச் சில, இன்டர்நெட் கேபிளுக்குச் சதுரமாக ஒன்று. பெயரை வாய் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே உருவத்தை விரல் கற்றுக்கொண்டது. தொழிற்சாலை இடம் மாறிப் போன பிறகு ஜெலுத்தோங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். உடைந்த போர்ட்டைக் கழற்றிப் புதுசு வைத்துப் பற்றவைப்பது என் வேலை. மதர்போர்டைப் பலகை என்றே சொல்லிப் பழகியவள் நான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எப்படிப் பற்றவைப்பது என்பதை எல்லாம் எழுதப் போவதில்லை. அதைக் கை சொல்லிக்கொடுக்கும்.

கடை முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனிதர். நான் சேர்ந்த புதிதில் ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து போட்டு, "இத ஒடச்சது என் மவனா, என் சம்சாரமா? பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தவுக்கே மலாயில் குறுக்கே விழுந்தார். "இவங்க பலகை பாக்கறவங்க. பலகையில என்ன இருக்குன்னு கேளு, சொல்லுவாங்க. ஆள் யாருன்னு வீட்டுல போய்க் கேளு." வந்தவர் போன பிறகு தவுக்கே என் பக்கம் திரும்பி மூன்று வார்த்தை சொன்னார். பார்த்ததைச் சொல். பார்க்காததைச் சொல்லாதே. பார்த்ததை மறைக்காதே.

முதல் இரண்டும் எனக்கு அன்றைக்கே புரிந்தது. மூன்றாவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். யார் மறைக்கப் போகிறார்கள்? சிவா வந்த நாளில்தான் அது எவ்வளவு கனமானது என்று தெரிந்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம். சரஸ்வதி பூசை முடிந்து கடைகள் எல்லாம் மறுபடி திறந்த காலை. டவுனில் அச்சுக்கடை வைத்திருக்கிற சிவா கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கல்யாண அட்டை, பேனர், இரங்கல் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுக்கிறவன். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா, கையில் காய்கறி நிறைந்த பசார் பையோடு. அவர்களுக்கும் பின்னால், வாசலிலேயே தயங்கிக்கொண்டு லோகா. சிவாவின் கடையில் கார்டு வரைகிற பெண். கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் வீடு. தினமும் பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவள்.

"ஆண்ட்டி, மொதல்ல இத பாருங்க. அப்பறம் இவ மூஞ்சிய பாருங்க" என்றான் சிவா.

"வா தம்பி. உக்காரு. கோப்பி குடிச்சியா?"

"கோப்பியா! என் கடையவே கொளுத்திட்டா ஆண்ட்டி இவ. நெருப்பு இல்லாமலே கொளுத்திட்டா."

நான் கம்ப்யூட்டரை வாங்கி மேசையில் வைத்தேன். கோபமாக வருகிறவரின் கையில் பொருளை விட்டுவைக்கக் கூடாது, கீழே போட்டுவிடுவார்கள். இதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

அவன் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். போன வாரம் லோகா வேலையை விடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். பட்டர்வொர்த்திலேயே ஒரு அச்சுக்கடையில் இடம் கிடைத்துவிட்டது, ஃபெரி ஏற வேண்டாம் என்று. தீபாவளி நெருங்குகிற நேரம், பேனரும் வாழ்த்து அட்டையும் குவிந்து கிடக்கிற நேரம். சிவாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பூசைக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக வேலை செய்தவள் லோகா. மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். பூசை முடிந்து இன்றைக்குக் காலையில் முதலில் வந்து கேபிளை எல்லாம் சொருகியவளும் அவள்தான். படம் வரவில்லை, மவுஸ் நகரவில்லை. சிவா வந்து டார்ச் அடித்து முதுகைப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு போர்ட்டும் அடைபட்டுக் கிடந்தது.

"ஒண்ணு ரெண்டு இல்ல ஆண்ட்டி, எல்லா ஓட்டையும்! வரிசையா! கார்டு ஒட்டற பசை டப்பா இவ மேசையிலதான் இருக்கு. போறவ சும்மா போகாம, அடைச்சுட்டுப் போறா."

"நான் எதுக்கு அண்ணே அடைக்கணும்?" என்றாள் லோகா. வாசலை விட்டு உள்ளே வரவில்லை. "காலையில கேபிள் உள்ள போகல. அழுத்தினேன். அவ்வளவுதான்."

"அழுத்தினாளாம்! அவ வாயாலயே சொல்றா, கேட்டுக்கங்க."

நான் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துப் போட்டுக் குனிந்தேன். அவன் சொன்னது சரிதான். வெளிர் மஞ்சளாக ஏதோ ஒன்று எச்டிஎம்ஐக்குள், யூஎஸ்பி ஒவ்வொன்றுக்குள்ளும், ஸ்பீக்கர் போர்ட்டின் வட்டங்களுக்குள் எல்லாம் காய்ந்து கிடந்தது. கொட்டியிருந்தால் வழிந்திருக்கும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு விரல் நிதானமாக ஒவ்வொன்றாகத் தேடிப்போய் வைத்த மாதிரி இருந்தது.

"தானா விழுந்தது இல்ல" என்றேன். "கைதான் வெச்சிருக்கு."

"கேட்டியா!" என்று லோகா பக்கம் திரும்பினான் சிவா. "நான் சொல்லல, ஆண்ட்டியே சொல்லிட்டாங்க."

பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் இன்னும் முழுக்கப் பார்த்து முடிக்கவில்லை. பாதி பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்கிறவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். அவருக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்வார். நீங்கள் பூதக்கண்ணாடியை விட்டு நிமிர்கிற வரைக்கும் வாயை மூடியே வைத்திருங்கள்.

சிவா கைத்தொலைபேசியை எடுத்தான். "காலையிலயே குரூப்புல போட்டுட்டேன் ஆண்ட்டி. பினாங்கு, பட்டர்வொர்த்து, எல்லா பிரிண்டிங் கடைக்காரனும் இருக்கற குரூப்பு." ஓடவிட்டான். அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. லோகான்னு ஒரு பொண்ணு வேலை கேட்டு வரும், யாரும் எடுக்காதீங்க, மெஷினைக் கெடுத்துட்டுப் போவுது, கவனம் என்று.

லோகா இப்போது உள்ளே வந்தாள். தன் போனை என் முன்னால் நீட்டினாள். எனக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது; அவளே படித்துச் சொன்னாள். பட்டர்வொர்த் கடைக்காரர் அனுப்பியிருந்தார். இப்போதைக்கு வர வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று.

"இன்னும் யாரு ஆண்ட்டி எனக்கு வேல குடுப்பாங்க? கேக்கறவன் எல்லாம் அந்தக் குரூப்புலதான் இருக்கான்." அழவில்லை. அழுகிற குரலும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க ஆண்ட்டி, வேணும்னே செஞ்சதுன்னு" என்றான் சிவா. "இப்பவே போலீஸ் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட் போட்டுர்றேன். மெஷின் பாத்தவங்க சொன்னாங்கன்னு சொன்னா அவங்க எழுதிக்குவாங்க."

நான் ஒரு மரக்குச்சியை எடுத்து எச்டிஎம்ஐக்குள் மெல்லச் சுரண்டினேன். அட்டை ஒட்டுகிற பசை காய்ந்தால் தோல் மாதிரி உரிந்து வரும். எத்தனையோ தடவை உரித்திருக்கிறேன். இது பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்தேன். மூக்குக்குக் கொண்டுபோனேன்.

சந்தனம்.

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஏன் தெரியாது? சரஸ்வதி பூசைக்கு என் வீட்டில் தையல் மெஷினுக்கு, மிக்ஸிக்கு, ஐஸ் பெட்டிக்கு எல்லாம் நான் பொட்டு வைக்கிறவள். சோறு போடுகிற பொருளுக்கு ஒரு நாள் மரியாதை. சிவாவின் கடையில் சோறு போடுவது இந்தக் கம்ப்யூட்டர்தான். அதற்கு அங்கே யார் பொட்டு வைப்பார்கள்?

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா பசார் பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி. லோகாவை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். தன் கைதான் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? இங்கே கொஞ்சம் நில்லுங்கள். "இது சந்தனம், உங்க அம்மா வெச்சது" என்று பட்டென்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் வைத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதைவிட, ஒரு வயதான பெண்ணை மகன் முன்னாலும் மகனிடம் வேலை செய்கிறவள் முன்னாலும் குற்றவாளியாக நிறுத்திவைப்பதாக ஆகிவிடும். சிவா கத்துகிறவன். அவருக்கு வாய் திறக்க இடமே இருக்காது.

கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தேன். சிவாவின் காடி, அவன் கார்தான், ரோட்டில் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்றது.

"தம்பி, ரிப்போர்ட்டெல்லாம் இருக்கட்டும். காடிய எங்க விட்டுருக்க பாரு. சம்மன் வெச்சிருவான்."

அவன் சாவியைத் தடவிக்கொண்டு ஓடினான். லோகாவைத் தவுக்கேயின் மேசைப் பக்கம் போய் உட்காரச் சொன்னேன். நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"அக்கா, பூசைக்குக் கம்ப்யூட்டர யாரு தொடச்சா?"

"நான்தான் தங்கச்சி. வேற யாரு செய்வா? ஒயரெல்லாம் கழட்டிட்டு, காஞ்ச துணியில தொடச்சேன். பின்னால தூசி அப்பிக் கெடந்துச்சு."

"பொட்டு?"

"முன்னால குங்குமம் வெச்சேன். காலையில தொடச்சுட்டேன். பின்னால சந்தன..." அங்கேயே நின்றுபோனார்.

நான் உள்ளங்கையை நீட்டினேன். அவர் குனிந்து மோந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"எல்லா வேலயும் பின்னால வழியாத்தான் நடக்குதுன்னு அவனே சொல்லுவான்" என்றார் மெதுவாக. "முன்னால ஒண்ணே ஒண்ணு வெச்சா எப்படின்னு, ஒவ்வொண்ணுக்கும் வெச்சேன். சந்தனம் குளிர்ச்சிதானே தங்கச்சி? அது என்ன கெடுதல் பண்ணும்?"

"நம்ம நெத்திக்குக் குளிர்ச்சி அக்கா. இதுக்குள்ள போனா காஞ்சு கெட்டியாயிடும். அதுக்கு மேல கேபிள அழுத்துனதுல உள்ள நாக்கு ஒடஞ்சுபோச்சு. வேற ஒண்ணும் இல்ல. மாத்திடலாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லிடாத. ஒனக்கு அவனத் தெரியாது. அப்பறம் என்னக் கடைக்குள்ளயே விட மாட்டான். வீட்டுல இருந்து என்ன பண்ணுவேன், செவுத்தப் பாத்துக்கிட்டு? உப்புக் காத்துன்னு சொல்லிடேன். கடல் பக்கம்தானே கடை. உப்புக் காத்துல போச்சுன்னு சொன்னா யாருக்கும் பொல்லாப்பு இல்ல."

பிள்ளைகளே, உங்களுக்கும் இது வரும். உப்புக் காற்று பினாங்கில் எத்தனையோ போர்ட்டைத் தின்றிருக்கிறது. கை என்று முதலில் சொன்னது என் தவறு என்று மாற்றிச் சொன்னால் சிவா நம்பியிருப்பான். அம்மாவும் தப்பிப்பார், போலீஸ் ரிப்போர்ட்டும் இருக்காது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். தவுக்கேயின் மூன்றாவது வார்த்தை அந்த நேரத்தில்தான் என் தோளில் வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் உப்புக் காற்று என்ற பொய்க்குத் துடைக்கிற கை இல்லை. அது சிவாவின் போனுக்குள் இருக்கிற குரலைத் துடைக்காது. பட்டர்வொர்த்தில் அதைக் கேட்டவர் கேட்டதாகவே இருப்பார். பழி யார் மேலும் விழாமல் போகிறது என்று நாம் நினைக்கும்போது அது ஏற்கெனவே ஒருத்தி மேல் விழுந்து கிடந்தது.

"அக்கா, உப்புக் காத்துன்னு சொன்னா நீங்க தப்பிச்சுருவீங்க. அந்தப் புள்ள?" என்றேன். "கைதான் வெச்சிருக்குன்னு நானே சொல்லிட்டேன். இனிமே எந்தக் கைன்னு தெரியாம விட்டா அது அவ கைதான்."

அவர் என் கையை விட்டார்.

"நான் சந்தனம்னு சொல்லுவேன். அது பலகையில இருக்கறது. யாரு வெச்சான்னு நான் சொல்ல மாட்டேன், அது ஒங்களுது."

"சந்தனம்னு சொன்னாலே அவனுக்குத் தெரிஞ்சுரும். மெரட்டற மாதிரிதானே இருக்கு."

"நேரம் குடுக்கறேன் அக்கா. இந்தப் போர்ட்டக் கழட்டி, புதுசு வெச்சு, படம் வரவெக்கணும். வேல என் கையில. மெதுவா செய்யறேன். அதுக்குள்ள நீங்களே சொன்னா, ஒங்க வாயால சொன்னதா இருக்கும்."

சிவா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் ஒரு அபராதச் சீட்டு.

"வெச்சுட்டான்! இப்பத்தான் வெச்சுட்டுப் போறான்! இதுவும் இவளாலதான்!" என்றான் லோகாவைப் பார்த்து.

"காடியையும் நான்தான் அங்க விட்டேனா அண்ணே?" என்றாள் அவள். தவுக்கே தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினார்.

நான் பலகையைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினேன். பிரஷ்ஷால் நடக்கிற வேலையைப் பிரஷ்ஷாலும், சூடு வைக்க வேண்டியதைச் சூடு வைத்தும், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்தேன். வேகமாக வேலை செய்வதாக என்னைப் புகழ்ந்தவர்கள் நிறைய. அன்றைக்கு மெதுவாகச் செய்ததில்தான் எனக்கு மெத்தப் பெருமை. சிவா குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அம்மா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு தடவை வாயைத் திறந்தார்; சிவா யாருக்கோ போன் போட்டு லோகாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்; மூடிக்கொண்டார்.

உடைந்த எச்டிஎம்ஐ போர்ட்டை எடுக்க வெப்பக் காற்றை வைத்தேன். பலகை சூடாகச் சூடாக உள்ளே மிச்சம் இருந்த சந்தனம் மணக்க ஆரம்பித்தது. சின்னக் கடை, ஏர்கான் போட்டுக் கதவை மூடிய கடை. மணம் போக வழியில்லை.

தவுக்கே மூக்கைத் தூக்கினார். "வாங்கி" என்றார் மலாயில். நல்ல வாசனை என்று அர்த்தம். "யாரு சாமி கும்புடறது?"

சிவா நடையை நிறுத்தினான். தவுக்கேயின் சாமி மாடத்தைப் பார்த்தான். அதில் பத்தி எரியவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்தான். நான் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சந்தனம்டா" என்றார் அம்மா.

"என்னாம்மா?"

"பசை இல்ல. சந்தனம். நான் வெச்சது." எழுந்து நின்றார். பை தரையில் சரிந்து ஒரு கத்தரிக்காய் உருண்டது. "ஒன் யாவாரம் நல்லா நடக்கணும்னு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சாமி பேரச் சொல்லி வெச்சேன். கத்தணும்னா இங்கயே கத்திடு. வீட்டுக்குப் போயி கத்தாத."

சிவாவின் முகம் சிவந்தது. "ஒனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன், கம்ப்யூட்டரத் தொடாதன்னு..."

"அம்மாகிட்ட அப்பறம் கத்துங்க அண்ணே" என்றாள் லோகா. "மொதல்ல என் பேரச் சரி பண்ணுங்க."

நான் போர்ட்டைத் தூக்கி எடுத்துவிட்டேன். புதுசை வைத்துப் பற்றவைத்தேன். பலகையைப் பெட்டியில் மாட்டி, கேபிளைச் சொருகிப் பட்டனை அமுக்கினேன். மானிட்டரில் படம் வந்தது. லோகா பாதியில் விட்டிருந்த வாழ்த்து அட்டை, குத்துவிளக்கு ஒன்று, சுடர் இன்னும் வரையவில்லை.

சிவா பெருமூச்சு விட்டான். "சரி, தெரியாம சொல்லிட்டேன். விடு. வா, கடைக்குப் போலாம், வேல கெடக்கு." கேபிளைப் பிடுங்கக் கையை நீட்டினான். நான் பெட்டியின் மேல் என் கையை வைத்தேன்.

"தம்பி, எங்க சொன்னியோ அங்க சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

"ஆண்ட்டி, அத அழிச்சுடறேன்."

"கேட்டவங்க காதுல இருந்தும் அழிச்சுடுவீங்களா?" என்றாள் லோகா.

அவன் தவுக்கேயைப் பார்த்தான். தவுக்கே எதையோ எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

"எழுதாதீங்க அண்ணே. காலையில கொரல்ல சொன்னீங்க. கொரல்லயே சொல்லுங்க."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பட்டனை அழுத்திப் பிடித்து, கல்யாண வீட்டு மைக்கில் பேசுகிற மாதிரி தொண்டையைக் கனைத்தான். "எல்லாருக்கும் வணக்கம். காலையில நான் ஒரு மெசேஜ் போட்டேன். அது வந்து... ஒரு டெக்னிக்கல் ப்ராப்ளம் லா... கொஞ்சம் தப்பாப் புரிஞ்சு..."

"என்னாடா டெக்னிக்கல்!" அம்மா அவன் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். "சந்தனம்னு சொல்லு! ஒங்கம்மா வெச்சான்னு சொல்லு! லோகா மேல ஒரு தப்பும் இல்லன்னு பேரச் சொல்லிச் சொல்லுடா!"

சிவா திடுக்கிட்டுத் திரும்பினான். விரல் பட்டனை விட்டுவிட்டது. விஷ் என்று ஒரு சத்தம்.

"அய்யோ" என்றான். "போயிருச்சு."

"போவட்டும்" என்றார் அம்மா. கீழே குனிந்து கத்தரிக்காயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. யாரோ ஒருத்தர் அனுப்பியதைத் தலையைச் சொறிந்துகொண்டே ஓடவிட்டான். "அம்மா வணக்கம், எங்க கடைக்கு வந்தா தயவுசெஞ்சு முன்னால மட்டும் வைங்கம்மா" என்று ஒரு குரல், பின்னால் சிரிப்பு. அம்மாவுக்குச் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "யாரு அவன், அந்தச் செல்லையா மவன்தானே?" என்றார். சிரித்துவிட்டார்.

லோகாவின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியாக நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காதில் போனை வைத்துத் தலையை ஆட்டினாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே வந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"பட்டர்வொர்த்தா?" என்றான் சிவா.

"ஆமா. தீபாவளி முடிஞ்சதும் வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப... இங்க?"

"கையில எடுத்த கார்டெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். ஒங்களுக்காக இல்ல. அது நான் வரஞ்சது." பையைத் தோளில் மாட்டினாள். "ஆனா இனிமே கேபிள நீங்க சொருகுங்க அண்ணே. நான் தொட மாட்டேன்."

சிவா கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி அம்மாவின் பையில், கத்தரிக்காய்க்கு மேல் வைத்தான். கம்ப்யூட்டரைத் தூக்கினான். மற்ற நாள் என்றால் லோகா முன்னால் ஓடிக் கதவைத் திறந்திருப்பாள். அன்றைக்கு அவள் நகரவில்லை. அவனே தோளால் கதவைத் தள்ளித் திறந்து, அம்மா வெளியே போன பிறகும், அந்தப் பாரத்தோடு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, அவள் வரும் வரைக்கும் நின்றான்.